மின்கலத்தின் சட்டை



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், நாம் மாட்டுங்கா ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். திடீரென வலது தொடையில் தணலை எடுத்து ஒட்டினாற்போல் சுட்டது. பைக்குள் கையை விட்டோம், கையும் சுட்டது. பின்னர் பையை வெளிப்புறமாகத் திருப்பி உதறியபோது, வீட்டுச் சாவிக்கொத்தும் டார்ச்சு விளக்குக்காக வைத்திருந்த மாற்று மின்கலம் ஒன்றும் படியில் உருண்டன. பூக்கூடையோடு ஏறி வந்த அம்மாள் ஒருவர், "பீடியை அணைக்காமலா பைக்குள்ளே போடுவாங்க?" என்று கடிந்துகொண்டு போனார். நமக்குப் புகை பிடிக்கும் பழக்கம் கிடையாது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் நிலையில் அப்போது நாம் இல்லை.

தொடையில் அரை ரூபாய் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. சாவி ஒன்றின் நுனி நீலம் பாரித்துப் போயிருந்தது. இரும்பு நீலம் பாரிக்க எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த மின்கலத்தை விளக்கொளியில் பார்த்தோம். அதன் மேல் போர்த்தியிருந்த பச்சை நிறப் பிளாஸ்டிக் உறை தலைப்பக்கத்தில் ஒரு நெல்மணி அளவு கிழிந்திருந்தது. வாங்கும்போதே அந்தக் கிழிசல் இருந்தது; கடைக்காரரிடம் காட்டியும் இருந்தோம். "உறைதானே ஐயா, அது அழகுக்கு. உள்ளே சரக்கு நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னதை நாமும் ஒப்புக்கொண்டுதான் வந்தோம். அந்த உறை அழகுக்கு உரியதன்று. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறோம்.

நாம் சொல்லும் மின்கலம் நம் சிறு வயதில் டார்ச்சில் போட்ட பேட்டரிக் கட்டையன்று. மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் லித்தியம்-அயனி மின்கலம். கட்டைவிரல் பருமன் இருக்கும். குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். அந்த இரண்டு எண்களையும் சேர்த்து, உருளை வடிவத்தைக் குறிக்க ஒரு பூஜ்யத்தையும் கூட்டி, இதனை 18650 என்று அழைக்கிறார்கள். புதுவகை டார்ச்சிலும், கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கிலும், பழைய லேப்டாப்பின் வயிற்றிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். 2008-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் என்னும் மின்சாரக் கார் இத்தகைய மின்கலங்கள் 6,831 சேர்ந்து ஓட்டிய கார். இந்த வகை மின்கலத்தை ஆக்கியளித்த அறிஞர் மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 2019-இல் நம் நாட்டில் மின்சிகரெட்டுக்குத் தடைச்சட்டம் வந்தது. வேப் என்று இளைஞர்கள் சொல்லும் அந்தப் புகைக் கருவியை உற்பத்தி செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் இன்று குற்றம்.  ஆனால் அந்தக் கருவிக்குள் வைத்த மின்கலத்துக்கும் நம் டார்ச்சு மின்கலத்துக்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தார் 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் மின்சிகரெட்டுகள் தீப்பற்றிய அல்லது வெடித்த 195 நிகழ்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றுள் 61 நிகழ்ச்சிகளில் கருவியோ மாற்று மின்கலமோ சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் படித்தபோது நம் தொடைத் தழும்பின் மேல் கை தானாகவே சென்றது.

ஏன் அப்படிச் சுட்டது? மின்கலத்தின் தலையில் குமிழ்போல் இருப்பது நேர்முனை. எதிர்முனை அடியில் மட்டும் இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அடி, பக்கம், தலைப்பக்கத்து விளிம்பு ஆகிய எல்லாமே ஒரே உலோகக் குவளை. அந்தக் குவளை முழுதும் எதிர்முனைதான். குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள தூரம் இரண்டொரு மில்லிமீட்டருக்கு மேல் இராது. அந்த இடைவெளியைக் காப்பவை இரண்டே பொருள்கள்: குமிழைச் சுற்றி வைத்த ஒரு மெல்லிய அட்டை வளையம், அதன் ஓரத்தை அணைத்து மடிந்து நிற்கும் பிளாஸ்டிக் உறை. உறை விளிம்பில் கிழிந்துவிட்டால், ஒரு சாவியோ நாலணாக் காசோ குறுக்கே படுத்தாலும் போதும், இரு முனைகளும் கைகோத்துவிடும்.

கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. இந்த மின்கலத்தின் உள்தடை மிகக் குறைவு, ஓர் ஓமின் நூறில் சில பங்குகளே. நான்கு வோல்ட்டை அந்தத் தடையால் வகுத்தால் 100 ஆம்பியர் அளவு வரும். நம் வீட்டுச் சுவரில் மேசை விளக்குக்கு வைத்திருக்கும் சொருகியின் வரம்பு 6 ஆம்பியர். மற்றொரு கணக்கு: 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு மின்கலத்தில் அடங்கியிருப்பது சுமார் 9 வாட்-மணி ஆற்றல். அவ்வளவையும் வெப்பமாக்கினால் ஒரு சிறிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மாட்டுங்காவில் ஒரு டிகிரி காப்பி அருந்துவதற்குள் தீர்ந்துபோகிற சூடுதான். அது சில விநாடிகளில், கால்சட்டைப் பைக்குள் வெளிப்பட்டால் வேறு கதை. உள்ளே இருக்கும் பொருள்கள் ஓர் எல்லைக்கு மேல் சூடேறினால் தம் வெப்பத்தாலேயே மேலும் மேலும் சூடேறித் தீப்பற்றும். எமக்கு அந்த நிலை வராமல் போனது பையை உடனே உதறியதனால்தான்.

எம் தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுகளாக அறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழாக்கி வருகிறோம். ஒருமுறை மின்சாதனக் கையேடு ஒன்றில் இந்த உறையின் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் அதனை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்பார்கள். உதவிக்கு வந்த புதிய நண்பர் ஒருவர் அதை 'வெப்பத்தால் சுருங்கும் சட்டைக்கை' என்று எழுதிக் கொடுத்தார். அன்று அலுவலகமே சிரித்தது. நாமும் சிரித்து, 'சுருங்குறை' என்று திருத்தினோம். இப்போது யோசித்தால் நண்பர் எழுதியதிலும் ஓர் அழகு இருந்ததாகவே தோன்றுகிறது. பாம்பு உரித்ததைக்கூடச் சட்டை என்றுதானே நம்மவர்கள் சொல்கிறார்கள்! அட்டை வளையத்துக்குக் 'காப்பு வளையம்' என்று பெயரிட்டோம். கையில் இடுவதும் காப்பு, காவலும் காப்பு. இத்தகைய சொற்கள் ஆண்டுக்கு ஒருமுறை அகப்பட்டால் மொழிபெயர்ப்பாளனுக்குச் சம்பளம் கூடினாற்போலத்தான்.

சொல் தெரிந்திருந்தும் பொருள் தெரியாதிருந்தது எம் குறை. பொருளைக் கற்பித்தவன் தாராவியில் இருக்கும் ஓர் இளைஞன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கென்று வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்கள் பல; அவனுடையதும் அத்தகைய ஒன்று. தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், முன்புறம் அகலமான கதவு அளவே உள்ள அறையில், டார்ச்சு, சிறிய மின்விசிறி, பவர் பேங்க் முதலியவற்றைப் பழுது பார்க்கிறான். பங்கார்க்காரர்களிடம் எடைக்கு வாங்கிய லேப்டாப் மின்கல அடுக்குகளைப் பிரித்து, உயிருள்ள மின்கலங்களைத் தேர்ந்து, புதிய உறை அணிவித்துப் பயன்படுத்துகிறான். அவன் தாயார் செம்பூரில் எம் குடியிருப்புக்கு வேலைக்கு வருபவர். எம் புண்ணுக்கு மருந்திட்டபோது, "எம் மவன்கிட்ட ஒரு எட்டு காட்டுங்க அண்ணாச்சி, அவன் சொல்லுவான்" என்று அனுப்பி வைத்தார்.

பையன் மின்கலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பள்ளம் இல்லை, கசிவு இல்லை, துரு இல்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தான். உள்ளிருக்கும் திரவம் கசிந்திருந்தால் நெயில் பாலிஷ்போல ஓர் இனிப்பு வாடை வருமாம். ஆயினும், "ஒரு தடவை இப்படிச் சுட்டதை நான் திரும்பப் போட மாட்டேன் அண்ணாச்சி, உள்ளே என்ன ஆச்சோ" என்று ஒதுக்கிவிட்டு, வேறொன்றை எடுத்து எமக்குச் செய்து காட்டினான்.

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னான். எம் விரலில் இருந்த மோதிரத்தையும் கழற்றச் சொன்னான். அவன் பயன்படுத்தியது மரப்பலகை. அருகில் அவன் தாயார் வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் தட்டை நகர்த்திவிட்டு, "அம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் இதிலேதான் செல்லைப் பரப்புவாங்க" என்றான். மின்னேற்றம் நிறைந்த நிலையில் இந்த வேலையைச் செய்யலாகாது. பாதியோ அதற்குக் குறைவாகவோ இருக்கவேண்டும். பழைய உறையை அடிப்பக்கத்திலிருந்து கீறத் தொடங்கினான். அங்கே கத்தி வழுக்கினாலும் இரண்டு முனையும் சேர வழியில்லை. தலைப்பக்கத்தை நெருங்கியதும் கத்தியை வைத்துவிட்டு நகத்தால் உரித்தான். உறை உரிந்துவிட்ட மின்கலம் ஈரம் பட்ட ஈயத்தட்டுபோல் வெறித்துப் பார்த்தது. அந்நிலையில் அதை எங்கும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

லேப்டாப்பிலிருந்து எடுத்த மின்கலங்களில் நிக்கல் பட்டையைப் பற்றவைத்த இடத்தில் கூரிய துணுக்குகள் நின்றிருக்கும். அவற்றை மழித்துத் தேய்க்காமல் உறை போட்டால், துணுக்கே உள்ளிருந்து உறையைக் கிழித்துவிடும். தேய்த்த தூள் குமிழைச் சுற்றிய பள்ளத்தில் விழாமலும் பார்க்கவேண்டும். இந்த ஒரு காரியத்துக்குத்தான் அவன் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். பின்னர் புதிய காப்பு வளையம் ஒன்றைக் குமிழைச் சுற்றிப் படிய வைத்தான்.

புதிய உறை தட்டையான பிளாஸ்டிக் குழல். மின்கலத்தின் சுற்றளவு 56 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே தட்டையாகக் கிடக்கும்போது உறையின் அகலம் 29 அல்லது 30 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். நீளம் 70 மில்லிமீட்டருக்கு மேல், இரு பக்கமும் சமமாகத் துருத்தி நிற்குமாறு. வெப்பத்துக்கு அவன் வைத்திருந்தது தலைமுடி உலர்த்தும் சாதாரணக் கருவி. முதலில் தலைப்பக்கம், உறையின் ஓரம் சுருங்கிக் காப்பு வளையத்தின் மேல் படிந்து அதைப் பிடித்துக்கொண்டது. குமிழுக்கு அடியில் வாயு வெளியேறச் சிறு துளைகள் உண்டு. உறை அவற்றை மூடிவிடலாகாது. பிறகு அடிப்பக்கம், கடைசியில் உடல். உருட்டிக்கொண்டே காட்டினான், ஓரிடத்தில் நிறுத்தவில்லை. எல்லாம் சில விநாடிகளில் முடிந்தது. மின்கலம் கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்ததும் நிறுத்தி ஆறவிட்டான். மெழுகுவத்தியிலும் அடுப்பிலும் காட்டிச் சுருக்குகிறவர்கள் உண்டு என்று கேள்வி. அவர்கள் நெருப்பைத் தேடிக் கொண்டுபோய் நெருப்புக்குக் கொடுக்கிறார்கள். உறைக்குப் பதிலாக ஒட்டும் நாடாவைச் சுற்றுகிறவர்களும் உண்டு. நாடா சூட்டில் நழுவும். மடிப்பின் தடிப்பால் கருவிக்குள் சிக்கி, இழுக்கும்போது கிழியும்.

இறுதியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குமிழில் வைத்து, மறுமுனையை உறையின் மேல் பக்கங்களிலும் விளிம்பிலும் தடவிக்கொண்டு போனான். எங்கேயாவது வோல்ட் காட்டினால் அங்கே ஓட்டை. ஒன்றும் காட்டவில்லை.

வீட்டில் இதைச் செய்யலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். புதிதாய் வாங்கிய தனி மின்கலத்தின் உறை கிழிந்திருந்து, மற்றபடி பழுதில்லாமல் இருந்தால், மேற்சொன்ன கவனத்தோடு செய்யலாம் என்பதே எம் கருத்து. மின்கல அடுக்கைப் பிரிக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டாம். அடுக்குக்குள் இருந்தவரை அம்மின்கலங்களுக்குக் காவலாக ஒரு மின்சுற்றுப் பலகை இருந்தது. மிகை மின்னேற்றத்தையும் குறுக்கு மின்னோட்டத்தையும் அது தடுத்தது. பிரித்தபின் அந்தக் காவல் இல்லை. உளியும் திருப்புளியும் போட்டு நெம்பும்போது விழும் பள்ளங்களும் பொல்லாதவை. வெளியே சிறு பள்ளமாகத் தெரிவது உள்ளே இரு தகடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய படலத்தைப் பிளந்திருக்கலாம். அதன்மேல் எவ்வளவு நல்ல உறை அணிவித்தாலும் பயனில்லை. பள்ளம் மறையும், அவ்வளவே.

மறைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. நாம் இரண்டாம் முறை போனபோது பையனின் பலகை மேல் ஒரு சுருள் கிடந்தது. பளபளக்கும் நீல நிற உறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அயல்நாட்டுப் பெயர், அதன் கீழே 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்து. வியாபாரி ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். இருநூறு பழைய மின்கலங்களுக்கு இதை அணிவித்துத் தரவேண்டும். கூலி, அவன் அறையின் ஒரு மாத வாடகை.

"அண்ணாச்சி, நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. இதிலே எழுத்துப் பிழை ஏதும் இருக்கான்னு பாருங்க, அவர் கேட்டார்" என்று ஓர் உறையை நீட்டினான்.

பார்த்தோம். "எழுத்தெல்லாம் சரி, தம்பி. எண்தான் பொய்" என்றோம்.

இந்த அளவுள்ள மின்கலத்தில், நல்ல உற்பத்தியாளர் செய்ததிலும், 3,500 அல்லது 3,600-க்கு மேல் காண்பது அரிது. அது அவனுக்குத் தெரியாததன்று. நம்மைவிட நன்றாகத் தெரியும். அவனே ஒருநாள் அத்தகைய 'ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்' ஒன்றை நகைக்கடைத் தராசில் வைத்துக் காட்டினான். நல்ல மின்கலம் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். அது 34 கிராம் இருந்தது. மேனாடுகளில் மின்சிகரெட்டு வியாபாரத்திலும் இந்தக் கதை நடந்தது. யாரோ செய்த மின்கலத்துக்குத் தம் பெயர் பொறித்த உறை போட்டு, தாங்கக்கூடியதைவிட இரு மடங்கு ஆம்பியர் என்று அச்சிட்டார்கள். வாங்கியவன் அந்த எண்ணை நம்பி மின்னோட்டத்தை இழுத்தான். சூடு அவன் முகத்துக்கு நேரே பிறந்தது. உறை காவலாக இருப்பதுபோலவே சான்றுச்சீட்டாகவும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இது புரியாத செய்தியன்று. மூலத்தில் இல்லாத எண்ணை நாம் எழுதினால் எம் வேலை போய்விடும்.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க அண்ணாச்சி. நான் போடலேன்னா அடுத்த சந்திலே போட்டுடுவாங்க" என்றான். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. வாடகை கொடுப்பது நாமல்லவே. அவன் தாயார் அடுப்படியிலிருந்து, "செஞ்சு முடிச்ச இருநூறையும் எங்கே வைக்கப்போறே? பரணிலேதானே? அதுக்குக் கீழேதான் ஆச்சி படுக்கிறா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பையன் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சுருள் பலகையில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். இப்போது அவன் ஒளி ஊடுருவும் நிறமற்ற உறையையே பயன்படுத்துகிறான். பழைய உறையில் இருந்த உற்பத்தியாளர் குறியையும், தான் அளந்து கண்ட கொள்ளளவையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி உள்ளே வைத்துச் சுருக்குகிறான். 1,900 என்றும் 1,650 என்றும் உண்மையை எழுதிய அந்த மின்கலங்களுக்கு விலை குறைவு. வாங்க வருகிறவர்களும் 9,900 எங்கே என்றுதான் கேட்கிறார்களாம். அந்த மாத வாடகைக்கு என்ன செய்தான் என்று நாம் கேட்கவில்லை.

வெளியூர் செல்லும் நேயர்களுக்கு இரண்டொரு சொல். தாதரிலிருந்து திருநெல்வேலி வண்டியில் ஊருக்குப் போகும்போது மாற்று மின்கலங்களைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் போட்டுக் கட்டாதீர்கள். அதற்கென்று சிறு பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன; கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, முனைகளில் நாடா ஒட்டுங்கள். விமானமானால் அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டுமே தவிர, சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கலாகாது. மின்னேற்றும் கருவியைப் படுக்கையின் மீது வைத்து இரவெல்லாம் விட்டுவிடும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். மின்கலம் சீறிப் புகைந்தால் கையால் எடுக்க முயலவேண்டாம். அந்தப் புகை நச்சுடையது. அறையில் இருப்பவர் அனைவரும் வெளியேறி, 101-க்குத் தொலைபேசி செய்யவேண்டும்.

உயிர்போன மின்கலத்தை வீட்டுக் குப்பையில் கொட்டுவது தவறு. குப்பை வண்டியில் அழுத்தப்படும்போது அது நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். 2016 ஜனவரியில் தேவனார் குப்பைமேடு எரிந்தபோது எழுந்த புகையைச் செம்பூர்வாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அது மின்கலத்தால் நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை, அம்மேட்டில் புதிதாக நெருப்புக்கு ஒரு வாயில் திறக்கவேண்டாம் என்றே சொல்கிறோம். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தியவர்கள் இதனை மற்றக் குப்பையிலிருந்து பிரித்து ஒப்படைக்கவேண்டும். திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது.

எம் பையில் சுட்ட மின்கலமும், பையன் ஒதுக்கிய பள்ளம் விழுந்த மூன்றும், முனைகளில் நாடா ஒட்டி, அவன் வாசலில் மணல் நிரப்பிய தகர வாளியில் கிடக்கின்றன. வரும் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து கொண்டுபோய் ஒப்படைப்பதாகப் பேச்சு. வாளியை வீட்டுக்குள் வைக்க ஆச்சி சம்மதிக்கவில்லை.